ஹயேன் நகரும் வாந்தெல்வீராவின் பேராலயமும்: பார்க்க வேண்டிய வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினின் தெற்கே ஆந்தலூசியாவுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கிரனாடா, கோர்டோபா, செவில் என்ற மூன்று ஊர்களோடு திரும்பிவிடுகிறார்கள். கிரனாடாவிலிருந்து வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில், கண்ணுக்கு எட்டியவரை ஆலிவ் மரங்கள் நிற்கும் மலைச்சரிவில், ஹயேன் இருக்கிறது. ஸ்பெயினின் மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை எப்படி முதிர்ந்தது என்று ஒரே கட்டடத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஊரின் பேராலயத்தைவிடச் சிறந்த இடம் சொல்வது கடினம். ஆனால் அதை எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். முன்வாசலில் நுழைந்து, நடுக்கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இருபது நிமிடத்தில் வெளியே வந்தால் இதன் அருமை பிடிபடாது.

எத்தனை நாள், எந்த நாள்

ஒரு இரவு தங்குவது குறைந்தபட்சம். வியாழன் பிற்பகல் வந்து வெள்ளி முழுதும் இருப்பதுதான் நாங்கள் சொல்லும் திட்டம். காரணம் எளிது: பேராலயத்தின் பொக்கிஷமான சாந்தோ ரோஸ்த்ரோ, அதாவது இயேசுவின் திருமுகம் பதிந்ததாக மக்கள் வணங்கும் திருச்சின்னம், வெள்ளிக்கிழமைகளில்தான் வழிபாட்டுக்கு வெளியே எடுக்கப்படுகிறது. காலை 10.30 முதல் 12 வரை, மாலை 5 முதல் 6 வரை என்பது வழக்கம். கோடையில் மாலை நேரம் மாறலாம். திங்கட்கிழமையைத் தவிருங்கள். அன்று அரபுக் குளியல்கூடம் மூடியிருக்கும்.

பருவம் என்றால் மார்ச் நடுவிலிருந்து மே வரை, பிறகு அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஊர் முழுதும் ஏற்ற இறக்கம் என்பதால் அந்த வெயிலில் நடப்பது உடம்புக்கு ஆகாது. புனித வாரத்தில், பெரிய வெள்ளி அன்று விடிவதற்கு முன் ‘எல் அபுவேலோ’, அதாவது ‘தாத்தா’, என்று ஊர்க்காரர்கள் பாசத்தோடு அழைக்கும் சிலுவை சுமந்த இயேசுவின் சுரூபம் வீதிக்கு வரும். அதைப் பார்க்க விரும்பினால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும். அக்டோபர் 18 புனித லூக்காஸ் திருநாளை ஒட்டி ஊர்த் திருவிழா நடப்பதால் அந்த வாரமும் அறை கிடைப்பது சிரமம். ஜனவரி 16 இரவு, புனித அந்தோன் திருநாளுக்கு முந்தைய இரவில், கழித்துப்போட்ட ஆலிவ் கிளைகளைக் குவித்துப் பேட்டை பேட்டையாகச் சொக்கப்பனை போலத் தீ மூட்டுவார்கள். குளிரைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

போய்ச் சேருவது

கிரனாடாவிலிருந்து பஸ்தான் சரி. ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ரயிலை நம்ப வேண்டாம், இரண்டு ஊருக்கும் இடையே பயன்படும்படியான நேர்வழி இல்லை. மட்ரிடிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும், ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். அதிவேக ரயில் அல்ல, ஆனால் தெஸ்பெஞ்ஞாபெர்ரோஸ் கணவாய் வழியாக ஆந்தலூசியாவுக்குள் இறங்கும் பாதை அழகானது. கோர்டோபாவிலிருந்தும் ரயில் வருகிறது.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரயில் பாதையில் ‘லினாரேஸ்-பயேசா’ என்று ஒரு நிலையம் வரும். பெயரைப் பார்த்து, இந்த வழிகாட்டியின் கடைசியில் சொல்லும் பயேசா ஊருக்குப் போக அங்கே இறங்கிவிடாதீர்கள். ஊர் அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பயேசா, ஊபெதா இரண்டுக்கும் ஹயேனிலிருந்து பஸ்ஸில் போவதே எளிது.

ஹயேன் ரயில் நிலையம் ஊரின் கீழ்முனையில் இருக்கிறது. அங்கிருந்து பசேயோ தெ லா எஸ்தாசியோன் என்ற நீண்ட சாலை பேராலயப் பக்கம் ஏறிக்கொண்டே போகும். பெட்டி இழுத்துக்கொண்டு நடந்தால் அரை மணிக்குக் குறையாது. டாக்சி எடுத்துவிடுங்கள். பஸ் நிலையம் பேராலயத்துக்கு இன்னும் அருகில் உள்ளது. அங்கிருந்து நடக்கலாம். தங்கும் இடத்தைப் பேராலயத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் பிடித்தால், மதிய ஓய்வு நேரத்தில் அறைக்குத் திரும்ப வசதி. உள்ளூர்க்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது இரண்டாம் அசையை அழுத்திச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஜேன்’ என்றால் யாருக்கும் புரியாது.

உள்ளே போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

1246இல் கிரனாடாவை ஆண்ட நஸ்ரித் என்ற முஸ்லிம் வம்சத்தின் முதல் மன்னர் முகமது இபின் அல்-அஹ்மர் இந்த நகரத்தைக் கிறிஸ்தவ அரசான காஸ்திலின் மன்னர் மூன்றாம் பெர்னாந்தோவிடம் ஒப்படைத்து, அவருக்குக் கப்பம் கட்டும் சிற்றரசரானார். கிரனாடா இன்னும் இரண்டரை நூற்றாண்டு தப்பிப் பிழைத்ததற்கு ஹயேனைக் கொடுத்ததும் ஒரு காரணம். இங்கிருந்த பெரிய பள்ளிவாசல் பேராலயமாக்கப்பட்டது. பிறகு அதே இடத்தில் இடைக்கால ஐரோப்பாவின் கோதிக் பாணியில் கட்ட முயன்றார்கள். 1525இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அதன் பிறகுதான் புதிய பாணி பற்றிய யோசனை வலுத்தது.

வேலைக்கு வந்தவர் அந்திரேஸ் தெ வாந்தெல்வீரா. கல்லை வெட்டிப் பொருத்துவதில் அவருக்கு நிகர் அக்காலத்தில் ஸ்பெயினில் மிகச் சிலரே. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் பேராலயத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக வரைபடத்தை வகுத்தார். 1575இல் இந்த ஊரிலேயே இறந்தார். அப்போது முடிந்திருந்தது ஒரு மூலைதான். அதன் பிறகு வந்தவர்கள் செய்ததுதான் அருமை: அவர் போட்ட கோட்டை மாற்றவில்லை. ஹுவான் தெ அராந்தா 17ஆம் நூற்றாண்டில் உள்கட்டடத்தைத் தொடர, 1660இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பை எவுஃப்ராசியோ லோபெஸ் தெ ரோஹாஸ் 1667இல் தொடங்கினார். பக்கத்தில் ஒட்டிய சக்ராரியோ ஆலயம் வென்தூரா ரொத்ரிகெஸின் வரைபடம், அது முடிந்தது 1801இல். இரண்டரை நூற்றாண்டு வேலை, ஆனால் ஒரே கையின் எழுத்து போல இருக்கும். இதைக் கண்ணால் சரிபார்ப்பதுதான் கீழே சொல்லும் சுற்றின் நோக்கம்.

படி 1: பின்சுவரிலிருந்து தொடங்குங்கள்

காலையில் திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே வந்து, முதலில் ஆலயத்தின் கிழக்குப் பக்கம், அதாவது பீடத்தின் பின்புறத் தெருவுக்குப் போங்கள். காலை வெயில் அந்தச் சுவரில்தான் விழும். இடிந்த கோதிக் ஆலயத்தின் மிச்சமாக, 1500ஐ ஒட்டிய காலத்து அலங்காரப் பட்டை ஒன்று சுவரின் குறுக்கே ஓடுகிறது. அதில் தலைப்பாகையோடு குந்தியிருக்கும் ஒரு சிறிய உருவத்தைத் தேடுங்கள். ‘லா மோனா’, குரங்கு, என்று ஊரார் அழைப்பது அதைத்தான்.

அதே இடத்தில் நின்று இன்னொன்றையும் கவனியுங்கள். பின்சுவர் தட்டையாக, நேர்கோட்டில் இருக்கிறது. பெரும்பாலான பேராலயங்களில் இந்தப் பக்கம் அரைவட்டமாகப் புடைத்திருக்கும். இங்கே தரைப்படம் முழுவதும் ஒரு செவ்வகம். மெக்சிகோ, பெரு நாட்டுப் பேராலயங்கள் பலவற்றில் இந்த அமைப்பின் சாயல் உண்டு.

படி 2: தெற்குப் பக்கமாகச் சுற்றி முகப்புக்கு வாருங்கள்

சுற்றி வரும்போது மேலே வரிசையாக உப்பரிகைகள் தெரியும். ஆலயத்துக்கு எதற்கு இத்தனை உப்பரிகைகள் என்று தோன்றும். திருமுகத்தைக் கூட்டத்துக்குக் காட்டவும், நாலாபுறமும் வயல்களை நோக்கி உயர்த்தி ஆசீர்வதிக்கவும் வைத்தவை அவை. கட்டடத்தின் உருவத்தையே ஒரு வழிபாடு தீர்மானித்திருக்கிறது.

மேற்கே சாந்தா மரியா சதுக்கத்தில் நின்றால் முகப்பு முழுதாகத் தெரியும். தலைப்பகுதியில் இலை செதுக்கிய பிரம்மாண்டமான கொரிந்தியத் தூண்கள், இரு பக்கமும் கோபுரங்கள், மேல்விளிம்பில் நடுவில் மூன்றாம் பெர்னாந்தோ, அவரைச் சூழ நான்கு நற்செய்தியாளர்களும் நான்கு மறைவல்லுநர்களும். சிற்பங்கள் பெத்ரோ ரொல்தானின் பட்டறையைச் சேர்ந்தவை. இது மறுமலர்ச்சிக்கு அடுத்து வந்த, அலங்காரம் மிகுந்த பரோக் காலத்து வேலை. முகப்பு மேற்கு நோக்கியது என்பதால் காலையில் இங்கே எடுக்கும் படம் நிழலடித்துப் போகும். படம் எடுப்பதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அஸ்தமனத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கல் தேன் நிறமாகும்.

படி 3: உள்ளே, முதலில் அண்ணாந்து பாருங்கள்

நுழைவுச்சீட்டோடு ஒலிவழிகாட்டியும் தருகிறார்கள். திறந்திருக்கும் நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும், மதியம் இடைவேளை விட்டு மாலையில் மீண்டும் திறப்பதும் உண்டு. எனவே முந்தைய நாளே ஆலயத்தின் இணையதளத்தில் நேரம் பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் திருப்பலி இருப்பதால் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு நேரம் சுருங்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை நல்லது.

உள்ளே போனதும் நடக்காமல் நின்று மேலே பாருங்கள். நடுக்கூடமும் இரு பக்கக் கூடங்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. கோதிக் ஆலயத்தில் நடுக்கூடம் ஓங்கி, பக்கங்கள் தாழ்ந்து நிற்கும், ஒளி பெரும்பாலும் மேலேயிருந்து இறங்கும். இங்கே ஒளி எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறது. தூண்களின் மேல் அமர்ந்திருக்கும் கூரைகளில் கோதிக் பாணியின் விலா எலும்பு போன்ற கல்வரிகள் இல்லை. நான்கு மூலையிலும் கட்டிய துணி காற்றில் உப்பியதுபோன்ற வழவழப்பான கூரைகள் அவை. ஒவ்வொரு கல்லையும் இரட்டை வளைவாகச் செதுக்கினால்தான் இப்படி அடைக்க முடியும். கணக்குத் தவறினால் மேலே ஏற்றிய பிறகுதான் தெரியும்.

நடுக்கூடத்தை அடைத்துக்கொண்டு பாடகர் குழுவின் இடம் நிற்கிறது. ஆலயத்தை ஒரே பார்வையில் பார்க்க விடாமல் மறைக்கிறதே என்று பலர் வருத்தப்படுவார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். அக்ரூட் எனப்படும் வால்நட் மரத்தில் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இருக்கைகள் ஸ்பெயினிலேயே பெரிய தொகுதிகளில் ஒன்று. இதற்கு மட்டும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சாய்மானத்தில் பைபிள் காட்சிகள், ஒவ்வொன்றிலும் அக்காலத்து வீடு, உடை, கருவி எல்லாம் தெரியும். அதன் வெளிப்பின்சுவரில் மாயெய்யா வரைந்த திருக்குடும்ப ஓவியம் இருக்கிறது.

படி 4: திருமுகத்தின் சிற்றாலயம்

ஆலயத்தின் தலைமாட்டில், பெரிய பீடத்துக்குப் பின்னால் உள்ள சிற்றாலயத்தில் திருமுகம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஸ்பெயினின் உள்நாட்டுப் போரின்போது காணாமற்போய், பிரான்சில் கண்டெடுக்கப்பட்டு 1940இல் ஊர் திரும்பியது. வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் வரிசையில் வந்து ஒவ்வொருவராக வணங்கிப் போவார்கள். அந்த வரிசையில் நிற்பதாக இருந்தால் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பார்க்க மட்டும் விரும்பினால் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துவரும் நேரம் அது.

படி 5: சக்ரீஸ்து, மன்ற அறை, மேல்மாடம்

நேரமில்லை என்று பலர் விட்டுவிடும் பகுதி, உண்மையில் ஹயேனுக்கு வரவேண்டியதே இதற்காகத்தான். தெற்குப் பக்கத்தில் உள்ள சக்ரீஸ்து, அதாவது குருக்கள் திருவுடை அணியும் அறை, வாந்தெல்வீரா தாமே வடித்தது, அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1577இல் நிறைவுற்றது. செவ்வக அறை. சுவர் நெடுக இரட்டை இரட்டையாகக் கொரிந்தியத் தூண்கள், அவற்றின் மேல் பெரிய வளைவும் சிறிய வளைவும் மாறி மாறித் தாளக்கட்டோடு வருகின்றன. சிற்பம் இல்லை, பூச்சு இல்லை, பொன் இல்லை. அறையின் குறுக்குச் சுவர் ஓரமாக நின்று நீளவாக்கில் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்கள் நிழலை எறிவதால் அறை இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.

அருகே ஆலயக் குருக்கள் கூடும் மன்ற அறையில் பெத்ரோ மச்சூக்காவின் பீட ஓவியத் தொகுதி ஒன்று உண்டு. கிரனாடாவில் அல்ஹம்ப்ரா கோட்டைக்குள் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் வட்ட முற்ற அரண்மனையை வகுத்த அதே மச்சூக்கா. சக்ரீஸ்துக்குக் கீழே ஆலய அருங்காட்சியகம். படியேறி மேல்மாடத்துக்குப் போக விட்டால் கட்டாயம் போங்கள். கூரை வளைவுகளைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பு அது. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும்.

ஐந்து நிமிட நடையில் சான் இல்தெஃபோன்சோ ஆலயம். வாந்தெல்வீரா அடக்கம் செய்யப்பட்டது அங்கேதான்.

அரபுக் குளியல்கூடமும் மக்தலேனாவும்

பேராலயத்திலிருந்து பழைய ஊருக்குள் வடமேற்காகக் கால்மணி நேரம் நடந்தால் வில்யார்தொம்பார்தோ அரண்மனை. பெருவின் அரசப் பிரதிநிதியாக இருந்த முதல் வில்யார்தொம்பார்தோ பிரபுவின் வீடு இது. இதன் நிலவறையில் 11ஆம் நூற்றாண்டு அரபுக் குளியல்கூடம் முழுதாக இருக்கிறது. சுமார் 450 சதுர மீட்டர். ஐரோப்பாவில் பார்வைக்குத் திறந்துள்ளவற்றில் மிகப் பெரியவற்றில் ஒன்று. குளிர் அறை, இளஞ்சூட்டு அறை, வெப்ப அறை என்று வரிசையாகப் போகும். கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள் வழியே வெளிச்சம் இறங்குகிறது. பிற்காலத்தில் தோல் பதனிடும் இடமாகப் பயன்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் மேலே அரண்மனை எழும்பியதால் மண்ணுக்குள் மறைந்து, 1913இல்தான் அடையாளம் காணப்பட்டது. மறைத்ததே காப்பாற்றியது. வெளிச்சத்துக்காகக் காலை 11க்கும் 1க்கும் இடையில் போங்கள்.

இன்னும் சற்று மேலே மக்தலேனா ஆலயம், பழைய பள்ளிவாசலின் முற்றமும் நீர்த்தொட்டியும் அப்படியே உள்ளன. எதிரே உள்ள ஊற்றில் ஒரு ராட்சதப் பல்லி இருந்து ஆடுமாடுகளைத் தின்றதாகவும், அதற்கு வெடிமருந்து திணித்த ஆட்டுத்தோலைத் தின்னக் கொடுத்து வெடிக்கவைத்ததாகவும் கதை. ‘ஹயேன் பல்லிபோல வெடித்துப் போ’ என்று இன்னும் திட்டுவார்கள்.

கோட்டை: டாக்சியில் ஏறி, நடந்து இறங்குங்கள்

ஊருக்கு மேற்கே மலைமுகட்டில் சாந்தா கத்தலினா கோட்டை. கார்ச் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போகும், நேர்ப்பாதை செங்குத்து. ஏறுவதற்கு டாக்சி, இறங்குவதற்குக் கால் என்று வைத்துக்கொண்டால் முழங்கால் தப்பும், நேரமும் மிச்சம். கோட்டையை ஒட்டிய பரதோர் என்ற அரசு விடுதியில் 1970இல் பிரான்சின் முன்னாள் அதிபர் சார்லஸ் தெ கோல் தங்கியிருக்கிறார். அங்கே அறை எடுக்காதவர்களும் காபி குடிக்கப் போகலாம்.

கோட்டையைத் தாண்டி முகட்டின் நுனிவரை நடந்தால் பெரிய வெள்ளைச் சிலுவை நிற்கிறது. அஸ்தமனத்துக்கு முக்கால் மணி முன்பே அங்கே இருங்கள். கீழே வீடுகளெல்லாம் நிழலுக்குள் போன பிறகும் பேராலயத்தின் மேற்கு முகப்பில் மட்டும் வெயில் நிற்கும். காலையில் சுற்றிவந்த செவ்வகத்தை இங்கிருந்து பார்த்தால் தரைப்படம் விரித்து வைத்ததுபோல் இருக்கும். பாதுகாப்புச் சுவர் தாழ்வானது, காற்று பலமாக அடிக்கும். குழந்தைகளைக் கைவிட வேண்டாம். இருட்டிய பிறகு இறங்குவதாக இருந்தால் பாதை வழியாக வேண்டாம், சாலை வழியாகவோ டாக்சியிலோ வாருங்கள்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவுச் சாப்பாடு 8.30க்குப் பிறகு. இடையில் பசித்தால் மதுச்சாலைதான். ஹயேனில் குடிக்க எதைக் கேட்டாலும் கூடவே தாபாஸ் என்ற சிற்றுண்டி ஒரு தட்டு இலவசமாக வரும். மது அருந்தாதவர்கள் ‘மோஸ்தோ’ கேளுங்கள், புளிக்காத திராட்சைச் சாறு. அதற்கும் தட்டு உண்டு. பேராலயத்தின் பக்கத்திலுள்ள ஆர்கோ தெல் கொன்சுவேலோ சந்தும் சுற்றியுள்ள தெருக்களும் இதற்குப் பேர்போனவை.

சைவர்களுக்கு எச்சரிக்கை. ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடை உப்புக்கறியான ஹமோன் வந்துவிடும், அதைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘சின் கார்னெ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ’, அதாவது இறைச்சி, ஹமோன், மீன் இல்லாமல், என்று மூன்றையும் சொல்லுங்கள். இலவசத் தட்டை அவர்களே தேர்ந்து தருவதால் பானம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். இங்கத்திய பிப்பிர்ரானா அருமையானது: பூண்டு, பச்சைக் குடமிளகாய், வேகவைத்த முட்டையின் மஞ்சள்கரு, உப்பு எல்லாம் மரக்கிண்ணத்தில் இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைத்து, நறுக்கிய தக்காளியைச் சேர்ப்பார்கள். மேலே சூரை மீன் போடுவது வழக்கம் என்பதால் ‘சின் அத்தூன்’ என்று கேட்டு வாங்குங்கள். பூண்டும் பொரித்த ரொட்டியும் மிளகாய்த்தூளும் இடித்துச் சேர்த்த கீரையும் நம் நாக்குக்குப் பழகியதுபோலவே இருக்கும்.

இன்னொரு நாள் இருந்தால்

வாந்தெல்வீராவைத் தொடர்ந்து போக பயேசாவும் ஊபெதாவும். இரண்டும் 2003 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளன. காலை முதல் பஸ்ஸில் நேராகத் தூரத்து ஊரான ஊபெதாவுக்குப் போய், திரும்பும் வழியில் பயேசா என்று வையுங்கள். இரண்டுக்கும் இடையே 9 கிலோமீட்டர்தான். ஊபெதாவில் ஐந்தாம் சார்லஸின் செயலாளர் பிரான்சிஸ்கோ தெ லொஸ் கோபோஸ் தமக்கு அடக்க ஆலயமாகக் கட்டிய எல் சல்வதோரில், சக்ரீஸ்து வாசலைப் பாருங்கள். இரு சுவர்கள் சேரும் மூலையிலேயே வாசல் வெட்டியிருக்கிறார் வாந்தெல்வீரா. வளைவு மூலையில் மடிகிறது, கல் ஒன்றுகூட நழுவவில்லை. சனி, ஞாயிறுகளில் பஸ் குறைவு, திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை இறங்கியதும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது

இந்த மாவட்டத்தின் ஆலிவ் வகை பிகுவால். நல்ல எண்ணெய் தொண்டையில் காரமாக ஏறும், கசப்பும் இருக்கும். அது குறையல்ல, புதிது என்பதற்கு அடையாளம். புட்டியில் ‘விர்ஹென் எக்ஸ்த்ரா’ (எக்ஸ்ட்ரா வர்ஜின்) என்ற சொல்லையும் அறுவடை ஆண்டையும் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் பறித்த பச்சைக் காயின் எண்ணெய் விலை கூடுதல், மணமும் கூடுதல். அதைச் சூடுபடுத்தாமல் மேலே ஊற்றிச் சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள், தாளிக்கச் சாதாரண அறுவடை எண்ணெய் போதும். கண்ணாடிப் புட்டிக்குப் பதில் அரை லிட்டர் தகரடப்பாவாக வாங்கி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, விமானத்தில் சரக்குப் பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.